பழைய கணினியும் புதிய இயங்குதளமும்: நம் வீடுகளில் லினக்சுக்கு மாறலாமா?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விரும்புகிறவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு என்று மட்டும் சொன்னது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2016இல் வாங்கிய என் மேசைக் கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரு பிளேஸ் போனேன். கடைப் பையன் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அங்கிள்ஜி, இஸ்மே கியாரா நஹீ சலேகா, நயா லே லோ" என்றான். அவன் சொன்னது சரிதான். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். என்னுடையது ஆறாம் தலைமுறை. ஒரு திருகாணிகூடக் கழலாத, நன்றாக ஓடுகிற கணினிக்கு ஓய்வூதிய உத்தரவு வந்துவிட்டது!

தலைநகர்த் தமிழர் வீடுகள் பலவற்றில் இதே நிலைமை இருக்கும். புதிதாக வாங்குவதா, அல்லது திறந்த மூலநிரல் இயங்குதளமான லினக்சுக்கு மாறுவதா?

முதலில், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அரசுக் குடியிருப்பில் இருந்தவர்களுக்கு எளிதாகப் புரியும். வீடு நம்முடையது போலவே இருக்கும். பூச்செடி வைப்போம், கொலு வைப்போம். ஆனால் சுவரை இடித்து ஜன்னல் வைக்க முடியாது, காலம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். விண்டோஸ் அப்படி. உரிமம் பெற்றுப் பயன்படுத்துகிறோம், உடைமை நம்முடையதல்ல. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டமும், ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரலும் சேர்ந்ததுதான் இன்றைய லினக்ஸ் இயங்குதளங்களின் அடிப்படை. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். உபுண்டு, மின்ட், டெபியன் என்று பல பெயர்களில் கிடைக்கிறது. இதெல்லாம் நிபுணர்களுக்கு என்று ஒதுக்க வேண்டாம். பாட்டி கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கருநிரல்தான்.

"இலவசமாக் கிடைக்குது சார்" என்ற வாதம் தில்லியில் ஒருநாளும் எடுபட்டதில்லை. காரணம் வெளிப்படை. நேரு பிளேஸ் நடைபாதையில் திருட்டு விண்டோஸ் குறுந்தகடு சொற்ப விலைக்குக் கிடைத்த காலத்தில், இலவசம் என்பதில் என்ன கவர்ச்சி? உபுண்டுக்காரர்கள் 2005 முதல் 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் குறுந்தகடு அனுப்பினார்கள். நானும் வரவழைத்து, அழகான உறை என்று அலமாரியில் வைத்தேன். அங்கேயே இருந்தது.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. என் தகப்பனார் ஓய்வுபெற்ற பின், 1999 முதல் ஐந்தாண்டுகள் எங்கள் குடும்ப வரலாற்றைக் கணினியில் தட்டச்சு செய்தார். தஞ்சைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கரோல் பாக் வந்த கதை, யார் யாருக்கு எங்கே பெண் கொடுத்தோம் என்பது வரை. அப்போது ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியாக்கம். அப்பா வாங்கிய மென்பொருளை விற்றவர்கள் பிறகு கடையை மூடிவிட்டார்கள். அவர் காலமான பின் கோப்புகளைத் திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை; ஆங்கில எழுத்தும் நிறுத்தக் குறியுமாகக் குப்பை. முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்த நம்மூர் மாணவர் ஒருவர், எந்தக் குறி எந்த எழுத்து என்று அட்டவணை போட்டு, சிறு நிரல் எழுதி, எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுத்தார். அவர் அதைச் செய்தது தன் லினக்ஸ் மடிக்கணினியில். காசு வாங்கவில்லை, இரண்டு நாள் சாப்பாடு மட்டும். அடையை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

அந்தப் பிழை விண்டோஸின் பிழையல்ல, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்குக் காட்டாத பொருளில் நம் எழுத்தைப் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதை அன்று பார்த்தேன். தமிழுக்கு இன்று ஒருங்குறி நிலைபெற்றுவிட்டது. 2010இல் தமிழக அரசே அதை ஏற்றது. லினக்சில் தமிழ் எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் தனியாக வாங்க வேண்டியவை அல்ல. அமைப்புப் பக்கத்தில் தேர்ந்தெடுத்தால் போதும். பட்டியல்களைத் தமிழில் காட்டும் வேலையைத் தன்னார்வத் தமிழர்கள் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டார்கள்.

அப்படியானால் எல்லோரும் மாறிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2006ஐ அடுத்த ஆண்டுகளில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் என்ற பாரத இயங்குதளம் 2007இல் வந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு அதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஊருக்குப் போனபோது என் அக்கா பேத்தியிடம் கேட்டேன். "அதுவா தாத்தா? கடையில குடுத்து எடுத்துட்டோம், யாருக்கும் தெரியல" என்றாள். கேரளத்திலோ பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து, பாடத்திலும் தேர்விலும் லினக்சைக் கொண்டுவந்தார்கள். 2019இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு அவர்கள் சொந்தப் பதிப்பு தயாரானது. பொருள் ஒன்றுதான். சந்தேகம் கேட்க ஒரு வாத்தியார் இருந்தார் என்பதே வேறுபாடு.

பெரிய இடங்களும் தடுமாறியிருக்கின்றன. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி ஆயிரக்கணக்கான கணினிகளை லினக்சுக்கு மாற்றிவிட்டு, 2017இல் விண்டோசுக்கே திரும்ப முடிவெடுத்தது. நம் சவுத் பிளாக்கிலோ 2023இல் பாதுகாப்பு அமைச்சகம், இணையத்தோடு இணைந்த கணினிகளுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா என்ற இயங்குதளத்தைக் கொண்டுவருவதாகச் செய்தி வந்தது. அமைச்சகத்துக்குப் பொறியாளர் படை உண்டு. நமக்குப் பக்கத்து வீட்டுப் பையன்தான்.

எனவே என் கணிப்பு இது. மின்னஞ்சல், வங்கி, ரயில் முன்பதிவு, யூடியூப், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையோடு வீடியோவில் பேசுவது, தமிழில் கடிதம் எழுதுவது, இவ்வளவுதான் வேலை என்றால் தயங்காமல் மாறலாம். எல்லாம் உலாவிக்குள்ளேயே நடக்கின்றன. கடிதத்துக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. வீட்டில் டேலி போட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் மாறக்கூடாது, அது விண்டோசுக்கென்றே செய்தது. மின்னொப்பச் சாவியைச் செருகிக் கையெழுத்திடும் தணிக்கையாளர்களும் பொறுத்திருப்பது நல்லது. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை வைத்து மலர் தயாரிக்கும் நண்பர்களுக்கும் இதே சொல். பிள்ளைகளின் இணையவழித் தேர்வுக்கான கண்காணிப்பு மென்பொருள் சில லினக்சில் ஓடாது, முன்பே விசாரியுங்கள்.

மாறும் முன் ஒத்திகை பார்க்க வழி உண்டு. 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்கலாம். நிறுவு என்ற பொத்தானைத் தொடாதவரை வன்தட்டில் உள்ளது அப்படியே இருக்கும். ஒரு வாரம் அப்படி ஓட்டிப் பாருங்கள். ஒலி வருகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா, வங்கிப் பக்கம் திறக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி நினைவகம் இருந்தால் பழைய கணினியிலும் சமாளிக்கும். பிறகு நிறுவுவதானால், புகைப்படங்களையும் கோப்புகளையும் வெளியே ஒரு தட்டில் நகலெடுத்த பின்பே தொடங்குங்கள். நான் அவசரத்தில் தவறான பகுதியை அழித்துவிட்டேன். பேத்தியின் அரங்கேற்றப் படங்கள் என் தங்கையிடம் ஒரு பிரதி இருந்ததால் தப்பின. இல்லாவிட்டால் வீட்டில் எனக்குச் சோறு கிடைத்திருக்காது.

என் 2016 கணினி இப்போது மின்ட்டில் ஓடுகிறது. அப்பாவின் குடும்ப வரலாறு அதில் தமிழாகவே திறக்கிறது. தேடினால் ஊர்ப்பெயர்கள் அகப்படுகின்றன. ஸ்கேனர் மட்டும் இன்னும் ஒத்துழைக்கவில்லை. அதற்கு மார்க்கெட் ஜெராக்ஸ் கடைக்குத்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.