வண்டி யாருக்குச் சொந்தம்? கொல்லிமலையும் வாடகைக் கொள்முதல் சட்டமும்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் விளையும் பலா, அன்னாசி, மிளகு ஆகியவை காரவள்ளி நோக்கிய சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே சமவெளிச் சந்தைகளுக்கு இறங்க வேண்டியிருப்பதால், சரக்கு வண்டி அங்குள்ள உழவருக்கும் சிறு வியாபாரிக்கும் நிலத்தை அடுத்த முதலாகும். முழுத் தொகையையும் ஒருசேரக் கொடுக்க இயலாதவர் நிதி நிறுவனத்தை நாடுகிறார். லாரித் தொழிலில் ஊறிய நாமக்கல் வட்டாரத்தில் 'டியூ கட்டுவது', 'ஹெச்.பி. கேன்சல் செய்வது' என்பன அன்றாடப் பேச்சு.

ஹெச்.பி. எனச் சுருக்கி வழங்கப்படும் வாடகைக் கொள்முதல், ஏட்டளவில் ஒரு வாடகை ஒப்பந்தமே. வண்டி நிறுவனத்தின் உடைமை என்றும், தவணைகள் அதற்கான வாடகை என்றும், எல்லாவற்றையும் கட்டி முடித்தவர் விரும்பினால் அதை வாங்கிக்கொள்ளலாம் என்றும் அது கூறும். ஆனால் வண்டியைத் தேர்வதும், முன்பணம் கட்டுவதும், காப்பீடு எடுப்பதும், தேய்ந்த டயரை மாற்றுவதும் வாடகைதாரர் எனப்படுபவரே. நிறுவனம் தருவது பணம் மட்டும். திரும்பப் பெறுவது வட்டியுடன் கூடிய பணம்.

இந்த முரண்பாடு சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கும் கேரள அரசுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. வாடகைக் கொள்முதல் விற்பனையில் முடிவதால் விற்பனை வரி உண்டு என அரசு வாதிட, தான் கொடுத்தது வெறும் கடனே என்றது நிறுவனம். ஆவணத்தின் சொற்களுக்கு அப்பால் சென்று தரப்பினரின் உண்மையான நோக்கத்தை ஆராய்ந்த நீதிபதிகளில் பெரும்பான்மையினர், கடனைத் திரும்பப் பெறுவதற்கான ஈடாகவே அந்த ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன என்று 1965இல் தீர்ப்பளித்தனர். நிறுவனம் வரியிலிருந்து தப்பியது.

தவணை தவறும்போது அதே கேள்வி வேறு விடையைப் பெறுவதுதான் வேதனைக்குரியது. வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை வரை நிதி நிறுவனமே உரிமையாளர் என்று மாக்மா ஃபின்கார்ப் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே ஒப்பந்தம் இடமளித்தால் நிறுவனம் வண்டியை எடுத்துக்கொள்ளலாம், உரிய முன்னறிவிப்பு தராதது மட்டும் சேவைக் குறைபாடாகும். மோட்டார் வாகனச் சட்டம், 1988, இதற்கு நேர்மாறாக, இத்தகைய ஒப்பந்தத்தின்கீழ் வண்டியைக் கைவசம் வைத்திருப்பவரையே உரிமையாளர் என வரையறுக்கிறது. ஆக, வளைவொன்றில் விபத்து நேர்ந்தால் பொறுப்பேற்க வேண்டிய உரிமையாளராக நிற்பவர் மலையில் வண்டி வைத்திருப்பவர். மூன்று டியூ நின்றுபோனால் அவரே வெறும் வாடகைதாரர். சுமை வரும் பக்கமெல்லாம் உரிமையும், உரிமை வேண்டிய இடத்தில் வாடகையும் அவர் தலையில் விழுவதை நியாயம் என்று ஏற்க முடியாது.

இதற்கு மாற்று ஒருகாலத்தில் சட்டமாகவே எழுதப்பட்டிருந்தது. விலையில் குறிப்பிட்ட பங்கைக் கட்டி முடித்தவரிடமிருந்து வழக்குத் தொடுக்காமல் பொருளைப் பறிக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் 1972இல் வாடகைக் கொள்முதல் சட்டத்தில் விதித்தது; அச்சட்டம் ஒருநாளும் நடைமுறைக்கு வராமல் 2005இல் நீக்கப்பட்டது. இன்று பெரும்பாலான வாகன நிதி, வாங்குபவரே உரிமையாளராகவும் வண்டி ஈடாகவும் இருக்கும் வெளிப்படையான கடன் ஒப்பந்தமாக எழுதப்படுகிறது என்றாலும், விலையில் குறிப்பிட்ட பங்கைக் கட்டியவரின் வண்டியை நீதிமன்றத்தைக் கேளாமல் எடுக்கக் கூடாது என்ற அந்தப் பழைய விதியை எந்த வடிவ ஒப்பந்தத்துக்கும் பொருந்துமாறு மீண்டும் இயற்ற வேண்டும்.