அரியலூர் டைனோசர்... அசைவமா, சைவமா?

கீழ்க்கால் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். ஆறடி ஆளையே மிஞ்சும் நீளம்! அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த இந்த டைனோசர் வாழ்ந்தது, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் இதற்கு வைத்த பெயர், ‘புருகத்காயோசாரஸ்’. ‘பிரமாண்ட உடல்கொண்ட பல்லி’ என்று பொருள்.

முதலில் இதை மாமிச உண்ணி என்றே வகைப்படுத்தினார்கள். பல் கிடைத்திருந்தால், எதைத் தின்றது என்று சுலபமாகச் சொல்லியிருக்கலாம். கிடைத்தவையோ இடுப்பு, கால், வால் எலும்புகள்தான். 1995-ல் ஆய்வாளர் சங்கர் சாட்டர்ஜி, ‘இது நீண்ட கழுத்தும் தூண் போன்ற கால்களும் கொண்ட சாரோபாட் இனம், தாவர உண்ணி’ என்றார். அதுவே நிலைத்தது.

சோகம் என்னவென்றால், அந்த எலும்புகள் இப்போது இல்லை. எளிதில் நொறுங்கும் நிலையில் இருந்தவை, சிதைந்தே போய்விட்டன. ‘அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரம்’ என்று சந்தேகித்தவர்களும் உண்டு. 2022-ல் வெளியான பழைய புகைப்படங்கள்தான் அது எலும்பு என்பதற்கு வலு சேர்த்தன.

தரையில் நடமாடியதிலேயே மிகப்பெரிய உயிரினம் நம்ம அரியலூர்க்காரர்தானா? இன்னோர் எலும்பு கிடைத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்தப் பக்கம் போகிறவர்கள், வித்தியாசமான கல் கண்ணில்பட்டால் உடைத்துவிடாதீர்கள்!