ஓட்டத்திற்கும் துணை வேண்டும்

நாள் முழுதும் உழைக்கிறவனுக்குத் தனியே தேகப் பயிற்சி எதற்கு என்று கேட்போர் நம் அங்கத்தினர்களில் பலர் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் குழித்தறியில் அமர்ந்து மிதி மிதிக்கும் நெசவாளருக்குக் கால்கள் அசைகின்றனவேயன்றி, நெஞ்சு விரிந்து மூச்சு வாங்கும் வேலை கிடைப்பதில்லை. உழவருக்கோ, டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் வந்த பின்னர், நடை குறைந்துவிட்டது. ஆகவே, பொழுதுபோக்காக ஓடும் மெல்லோட்டம் எவ்வாறு பரவிற்று, அதை ஒரு வாரத்திற்கு எவ்வாறு வகுத்துக்கொள்வது, வழியில் எதிர்பாராத விபத்து நேரின் எது நம்மைக் காக்கும் என்பவற்றை இங்கே சுருக்கமாகக் கூறலாம்.

நியூஜீலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்டு என்பவர் வாழ்ந்தார். காலணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எவ்வளவு ஓடினால் உடல் வலுப்பெறும், எவ்வளவு ஓடினால் நொடித்துப்போகும் என்பதைத் தம் உடம்பையே சோதனைக்கு உட்படுத்திக் கண்டறிந்தார். பின்னர்த் தம் சுற்றுப்புறத்து இளைஞர்களைப் பழக்கினார். அவர்களுள் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டர் ஓட்டத்திலும், மரே ஹால்பெர்க் 5,000 மீட்டர் ஓட்டத்திலும், 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் பந்தயத்தில் ஒரே நாளில் தங்கப் பதக்கம் பெற்றனர். வாரத்திற்கு 100 மைல் ஓடுவதும், ஞாயிறுதோறும் வைடாகெரே மலைப் பக்கத்தில் 22 மைல் ஓடுவதும் அவர் வகுத்த பயிற்சி.

இதனினும் சிறந்த காரியம் ஒன்றையும் அவர் செய்தார். பந்தயத்தையே அறியாத நடுத்தர வயதினரையும், இருதய நோய் கண்டு தேறியவர்களையும், கூட்டமாக மெல்ல ஓடும்படி தூண்டினார். 1962ஆம் ஆண்டின் இறுதியில் அங்குச் சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், தம்மினும் மிக மூத்த ஒரு முதியவருக்கு ஈடுகொடுக்க இயலாது பின்தங்கினாராம்! ஊர் திரும்பியதும் தம் ஆரிகன் மாநிலத்து மக்களுக்கு அவ்வோட்டத்தைக் கற்பித்தார். ஹாரிஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1967இல் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

பவர்மன் வற்புறுத்திய விதி எளியது: கடினமான நாளை அடுத்து இலேசான நாள் வரவேண்டும். பாவை ஓயாது இறுக்கிக்கொண்டே போனால் இழை அறும் என்பது நெசவாளர் அறிந்ததே. தசைக்கும் அதுவே நியாயம். உழைப்பில் தளர்ந்த தசை ஓய்வில்தான் வலுப்பெறுகிறது.

சாதாரண மனிதர் ஒருவரின் வாரத்தை இவ்வாறு வகுக்கலாம். ஞாயிறு 60 நிமிடம், மிக மெதுவான நெடிய ஓட்டம். திங்கள் ஓய்வு. செவ்வாய் 25 நிமிடம், இலேசாக. புதன் நடை மட்டும். வியாழன் 35 நிமிடம், ஏற்ற இறக்கமுள்ள பாதையில். வெள்ளி ஓய்வு. சனி 20 நிமிடம், இலேசாக. ஆக 140 நிமிடம். கடுமையான பயிற்சியாயின் வாரத்திற்கு 75 முதல் 150 நிமிடம் போதுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது; இக்கணக்கு அதற்குள் அடங்கும். புதிதாகத் தொடங்குவோர் இதில் பாதியை, நடையும் ஓட்டமுமாகக் கலந்து செய்யலாம். இருதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளோர் முதலில் வைத்தியரைக் கலந்துகொள்வது அவசியம். வேகத்திற்கு அளவுகோல் யாதெனில், உடன் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடியவேண்டும். பேச்சுத் தடைப்பட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள்.

எனினும், எவ்வளவு ஒழுங்காகப் பழகினாலும் பாதை நம் சொற்படி நடப்பதில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற ஊர் உண்டு. செம்பாறைகள் சூழ்ந்த பிரதேசம். 2006 டிசம்பர் 13ஆம் தேதி டானெல் பாலென்ஜி என்ற வீராங்கனை, தம் நாய் டாஸுடன் அப்பாறைகளிடையே வழக்கமான பயிற்சி ஓட்டத்திற்குச் சென்றார். நெடுந்தூரப் பந்தயங்களில் பெயர் பெற்றவர். பாறைமேல் படிந்திருந்த பனிக்கட்டியில் கால் வழுக்கிச் சுமார் 60 அடி கீழே விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. மணிக்கணக்காகத் தவழ்ந்தும் வெகுதூரம் செல்ல முடியவில்லை. உறைபனியில் இரண்டு இரவுகளை வெட்டவெளியில் கழித்தார். தேங்கிய நீரைப் பருகியும், உடலை விடாது அசைத்தும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் எங்குச் சென்றார் என்பதை எவரும் அறியார். அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர், அவர் வீடு திரும்பாததைக் கவனித்துப் பெற்றோருக்குத் தெரிவித்தார். பெற்றோர் போலீசாருக்குச் சொன்னார்கள். போலீசார் அவருடைய வண்டி நின்ற இடத்தைக் கண்டுபிடித்தனர். மீட்புக் குழுவினர் அங்கு வந்தபோது நாய் அவர்கள் எதிரே ஓடிவந்தது. அது சென்ற வழியைப் பின்பற்றிச் சென்றவர்கள் 15ஆம் தேதி அவரை உயிரோடு கண்டனர். பிற்காலத்தில் அவர் மீண்டும் ஓடினார்.

இதில் சிந்திக்கவேண்டியது ஒன்று உண்டு. அவருடைய தேகவலிமை இரண்டு இரவுகள் தாங்கிற்று. அதற்குமேல் ஓர் இரவு தாங்கியிருக்குமா என்பது ஐயமே. மீட்டவை அண்டை வீட்டாரின் கவனமும், பலர் கூடிய தேடலும், ஒரு நாயின் நன்றியுமாம். புறப்படுமுன் "இந்த வழியே செல்கிறேன், இத்தனை மணிக்குத் திரும்புவேன்" என்று ஒருவரிடம் சொல்லிச் சென்றிருந்தால், தேடல் முதல் இரவிலேயே தொடங்கியிருக்கும்.

நம் வரப்புகளிலும் காட்டுப் பாதைகளிலும் அதிகமாக நேர்வது கணுக்கால் சுளுக்கு. பாதம் உட்புறமாக மடிந்து, வெளிப்புற நார் இழுபடுகிறது. உடனே எண்ணெயிட்டு அழுத்தி உருவுவது கூடாது. சூடான ஒத்தடமும் முதல் இரண்டு நாள் வேண்டாம். துணியில் சுற்றிய பனிக்கட்டியோ குளிர்ந்த நீர்த்துணியோ வைத்து, அளவாகக் கட்டி, காலை உயர்த்தி வைத்திருத்தல் நலம். கனடாவின் ஆட்டவா நகர மருத்துவர்கள் 1992இல் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டனர்: நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாமற் போனாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். அத்தகையோரை நடக்கவிடாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

ஆகவே, ஓட விரும்பும் அங்கத்தினர்கள் ஒரு தெருவார் நால்வராகச் சேர்ந்து புறப்படுவது உத்தமம். தனியே செல்ல நேர்ந்தால், வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிச் செல்லவேண்டும். கைப்பேசி உடன் இருக்கட்டும். அவசரத்திற்கு 108 என்ற எண் நினைவில் இருக்கட்டும். அண்டை வீட்டார் குறித்த நேரத்தில் திரும்பவில்லையெனில், "வந்துவிடுவார்" என்று வாளாவிருத்தலும் தகாது. ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்குவது கடனுக்கும் நூலுக்கும் மட்டுமன்று, கால்நடைக்கும் பொருந்தும்.