சீனாவுக்குக் கல்விப் பயணம்

மலேசியர்கள் விசா இல்லாமல் சீனாவுக்குச் செல்லும் வசதி 2023 டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கியது. பின்னர் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாடு 2025 ஜூலை 17 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி கடப்பிதழுடன் சென்று 30 நாள் வரை தங்கலாம். பள்ளிகள் வெளிநாட்டுக் கல்விப் பயணம் பற்றிப் பேசும்போது சீனாவின் பெயரும் இப்போது எளிதாக வந்து விழுகிறது.

நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை காடுட் வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் தமிழ்மொழி பயிலும் மாணவர்கள் இப்படியொரு பயணம் செல்வதாக வைத்துக்கொள்வோம். பயண முகவர் தரும் திட்டத்தில் பெரும்பாலும் பெய்ஜிங்கும் ஷங்ஹாயும் இருக்கும், பெருஞ்சுவர் இருக்கும், இரண்டு மூன்று கடைத்தெருக்களும் தவறாமல் இருக்கும். ஐந்து நாளில் மூன்று நகரங்கள்! திரும்பி வந்த மாணவர் தம் அறிக்கையில், “பயணம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது” என்று எழுதுவார். என்ன பயன் என்று கேட்டால் விடை கிடைக்காது. பெற்றோர் பல மாதம் சேர்த்து வைத்துக் கொடுக்கும் பணத்துக்கு இந்த ஒரு வரி போதுமா?

கற்பதற்காகவே கடல் கடந்தவர்கள் முற்காலத்தில் எப்படிப் பயணம் செய்தனர் என்று பார்ப்போம். சீனத்திலிருந்து இந்தியாவுக்குச் சென்ற பௌத்தத் துறவிகளில் பாகியான், யுவான் சுவாங் ஆகியோரைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்தவர். நம் வட்டாரத்தோடு அதிகத் தொடர்புடையவர் மூன்றாமவர். அவர் பெயர் இத்சிங். 671ஆம் ஆண்டு குவாங்சௌ துறைமுகத்தில் கப்பலேறியபோது அவருக்கு வயது முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்கும். உடன் வருவதாகச் சொன்ன நண்பர்கள் பலர் கடைசி நேரத்தில் பின்வாங்கினர். இளந்துறவி ஒருவர் மட்டுமே அவருடன் புறப்பட்டார். அவரும் வழியில் நோயுற்றுத் திரும்பிவிட்டார்.

இத்சிங் நேரே இந்தியாவுக்குச் செல்லவில்லை. சுமத்திராவில் இருந்த ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் பயின்றார். பிறகு கெடா வழியாக வங்காளக் கரையை அடைந்து, நாளந்தாவில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கல்வி கற்றார். இந்தியாவுக்குக் கற்கச் செல்லும் சீனத் துறவிகள் முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டுகள் தங்கிப் பயிற்சி பெற்றுச் செல்வது நல்லது என்று அவர் பின்னாளில் எழுதி வைத்தார். போகும் இடத்தின் மொழியைப் போவதற்கு முன்பே கற்றுக்கொள் என்பது இதன் பொருள். பயண ஏற்பாட்டுக் குழுக்கள் சட்டையின் நிறத்தையும் பதாகையின் அளவையும் தீர்மானிக்கச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலே பெரிய காரியம்.

அவர் எதைக் குறித்துக்கொண்டார் என்பதும் கவனிக்கத்தக்கது. துறவிகள் உண்பதற்கு முன் கை கழுவும் முறை, பல் துலக்கும் குச்சி, ஸ்ரீவிஜயத்தில் ஆண்டின் குறிப்பிட்ட நாள்களில் நண்பகலில் நிழல் விழாமை எனக் கண்ணில் பட்ட சிறு செய்திகளையும் எழுதினார். 689ஆம் ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. தாளும் மையும் கேட்டுக் குவாங்சௌவுக்குக் கடிதம் அனுப்புவதற்காக அவர் ஒரு கப்பலில் ஏறினார். காற்று சாதகமாக இருந்ததால் கப்பல் புறப்பட்டுவிட்டது. வேண்டாமலே ஊர் போய்ச் சேர்ந்த அவர், உதவியாளர் சிலரை அழைத்துக்கொண்டு அதே ஆண்டில் ஸ்ரீவிஜயத்துக்குத் திரும்பி வேலையைத் தொடர்ந்தார். 695இல்தான் முழுமையாகத் தாயகம் சேர்ந்தார்.

இத்சிங்கைப் போல முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொண்டு ஒரு தமிழ் மாணவர் குழு சீனாவுக்குப் போனால் எந்த ஊருக்குப் போகலாம்? தென்கிழக்குக் கரையில், ஃபூஜியான் மாநிலத்தில் உள்ள சுவான்சௌ என்பதே இக்கட்டுரையின் விடை. கோலாலம்பூரிலிருந்து சியாமென் நகருக்கு விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அங்கிருந்து அதிவேக இரயிலில் சுவான்சௌ அருகில்தான். கைக்கடிகாரத்தை மாற்றவும் தேவையில்லை. இரு நாடுகளுக்கும் ஒரே நேரம்.

சோங், யுவான் அரச மரபுகளின் காலத்தில் சுவான்சௌ உலகின் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. அரபு வணிகர்கள் அதை ஸைத்தூன் என்று அழைத்தனர். ஊரைச் சுற்றி நடப்பட்டிருந்த ஒரு மரத்தின் சீனப் பெயரிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பர். அந்த மரம் வேறெதுவும் இல்லை, நாம் கல்யாண முருங்கை என்று சொல்லும் செந்நிறப் பூ மரமே. 1009ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பள்ளிவாசல் ஒன்று இன்றும் அங்கே உள்ளது. 1974இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட சோங் காலக் கப்பல் ஒன்றையும் அங்கே காணலாம். எஞ்சியுள்ள பகுதி மட்டும் 24 மீட்டர் நீளம். உள்ளே 13 தடுப்பறைகள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகளுக்குள் நீர் புகாது. அதில் நறுமண மரத்துண்டுகளும் மிளகும் பாக்கும் கிடைத்தன. 2021இல் இந்நகரின் 22 இடங்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

அந்தத் துறைமுகத்தில் தமிழரும் வாழ்ந்தனர். சோழ அரசு 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குத் தூதுக்குழு அனுப்பியதைச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. 1077இல் சென்ற குழுவில் 72 பேர் இருந்தனர். ஆனால் தமிழர் அங்கே குடியிருந்ததற்கு மிகத் தெளிவான சான்று 1956இல் சுவான்சௌவில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல். அதில் தமிழ் வரிகளும் ஒரு சீன வரியும் உள்ளன. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது 1281 ஏப்ரலில், சம்பந்தப்பெருமாள் என்பவர் சிவன் திருமேனி ஒன்றை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. கோயிலின் பெயர் திருக்கானீச்சுரம். அதற்கு அரசரின் ஆணை, அதாவது ‘பர்மான்’ கிடைத்திருந்தது. செகசை கான் என்னும் அரசரின் உடல்நலத்துக்காக இது செய்யப்பட்டது என்றும் கல் சொல்கிறது. அந்த அரசர் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இந்த இடத்தில் ஒரு மாணவர் கேள்வி கேட்க வேண்டும். சிவன் கோயிலில் மங்கோலிய அரசருக்கு எதற்காக வேண்டுதல்? கோயிலின் பெயரிலேயே ‘கான்’ எதற்காக?

1279ஆம் ஆண்டில்தான் மங்கோலியர் சோங் அரசின் கடைசிப் படையை முறியடித்தனர். இரண்டே ஆண்டுகள் கழித்து இந்தக் கல் வெட்டப்பட்டது. பழைய அரசு போய்ப் புதிய அரசு வந்திருக்கிறது. புதிய ஆட்சி தங்களை எப்படி நடத்தும் என்று வெளியூர் வணிகர்களுக்குத் தெரியாது. கோயில் கட்ட அனுமதி கிடைத்ததைப் பலரும் காணும்படி கல்லில் பொறிப்பதும், அரசர் நலமாக வாழ வேண்டுவதும் அவர்களுக்குப் பாதுகாப்பு. அதே வேளையில் அவர்கள் தங்கள் மொழியை விட்டுவிடவில்லை. சித்திரை என்ற மாதப் பெயரைக்கூட மாற்றவில்லை. சிறுபான்மையாக வாழும் மக்கள் அரசுடன் உறவாடும் முறையை இந்தச் சில வரிகள் காட்டுகின்றன. மலேசியத் தமிழ் மாணவருக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய விளக்கம் தேவைப்படாது.

அந்தக் குடியிருப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1357இல் சுவான்சௌவில் மூண்ட கலகம் 1366 வரை நீண்டது. முடிவில் அயல்நாட்டு வணிகர்கள் தாக்கப்பட்டனர். 1368இல் ஆட்சிக்கு வந்த மிங் அரசு தனியார் கடல் வாணிகத்தைத் தடை செய்தது. தமிழர் கோயில் மறைந்தது. அதன் கற்கள் மதில் கட்டவும் வேறு கட்டடங்களைச் செப்பனிடவும் பயன்பட்டன. கையுவான் என்னும் பௌத்தக் கோயிலின் முதன்மைக் கூடத்துக்குப் பின்புறம் இரு தூண்கள் நிற்கின்றன. அருகில் சென்று பார்த்தால் நரசிம்மரும் கண்ணனும் தெரிவார்கள். நகரின் கடல்சார் அருங்காட்சியகத்தில் யானை சிவலிங்கத்தை வழிபடும் சிற்பம் உள்ளது. திருவானைக்காவின் தலக்கதை தெரிந்தவருக்கு அதன் பொருள் உடனே விளங்கும்; தெரியாதவருக்கு அது யானை பொறித்த ஒரு கல். ஆகவே இக்கதைகளைப் புறப்படும் முன்பே படித்துக்கொள்ள வேண்டும்.

கல்வெட்டையும் அப்படியே. பதின்மூன்றாம் நூற்றாண்டு எழுத்து இன்றைய எழுத்தைப் போல் இருக்காது. முதல் பார்வையில் சில எழுத்துகள் மட்டுமே பிடிபடும். வாசகத்தை இன்றைய எழுத்தில் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டால், அரை மணி நேரத்தில் பல சொற்களைக் கண்டுபிடித்துவிடலாம். எந்தக் கல் எந்தக் காட்சிக்கூடத்தில் உள்ளது, மூலமா படியா என்பதை அருங்காட்சியகங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்பது குழுவின் முதல் வேலை. அந்தக் கடிதத்தைச் சீன மொழியில் எழுதப் பள்ளியில் சீனமொழி பயிலும் நண்பர்கள் உதவுவார்கள். நம் நாட்டில் ஹொக்கியன் பேசும் சீனர் பலரின் முன்னோர் இதே தென் ஃபூஜியானிலிருந்து வந்தவர்கள். தவுக்கே, மீ, அங்பாவ் என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொற்களும் அங்கிருந்து வந்தவையே. அந்த நண்பர்களையும் பயணத்தில் சேர்த்துக்கொண்டால் அவர்கள் தங்கள் பூட்டனாரின் ஊரைத் தேடலாம். நாம் நம் கல்லைத் தேடலாம்.

ஆயத்தத்தின் பெரும்பகுதியைச் சுங்கை காடுட்டிலிருந்தே செய்யலாம். கொமுட்டர் இரயிலில் ரெம்பாவ் வழியாகப் புலாவ் செபாங் சென்று, அங்கிருந்து சாலை வழியாக மலாக்காவை அடையலாம். 1411இல் மலாக்கா மன்னர் பரமேஸ்வரா 540 பேருடன் சீனா சென்றதை மிங் குறிப்புகள் பதிவு செய்துள்ளன. அட்மிரல் செங் ஹோவின் கப்பல்கள் வந்து நின்றதும் இங்கேதான். செங் ஹோ இலங்கையின் காலித் துறைமுகத்தில் நிறுவிய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், பாரசீகம் ஆகியவற்றுடன் மூன்றாவது மொழியாக இடம்பெற்றது தமிழ். கடல் வாணிகத்தில் தமிழுக்கு அன்று இருந்த இடத்தை அது காட்டுகிறது. மலாக்காவில் மாணவர்கள் கட்டாயம் கேட்டறிய வேண்டியது மலாக்கா செட்டி சமூகத்தாரின் வரலாறு. பழந்தமிழ் வணிகர் வழிவந்த அவர்கள் இன்றும் கோயில்களைப் பேணுகிறார்கள். வீட்டில் பேசுவது மலாய். 1781இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. அதே தெருவில் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் உள்ளன. சுவான்சௌவில் மொழியோடு கோயிலும் மறைந்தது. மலாக்காவில் கோயில் நின்றது, மொழி நிற்கவில்லை. ஏன் இந்த வேறுபாடு என்பது ஒரு மாணவருக்குரிய நல்ல ஆய்வுக் கேள்வி.

இன்னும் அருகில் ஒரு வேலை இருக்கிறது. சுங்கை காடுட் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துள்ளன. தோட்டங்கள் விற்கப்படும்போது லயத்து வீடுகள் இடிக்கப்படுகின்றன. கோயில்கள் இடம் மாறுகின்றன. கோயில் சுவரில் பதித்த திருப்பணிப் பலகை, மணியில் பொறித்த நன்கொடையாளர் பெயர், பழைய பள்ளிப் பதிவேடு ஆகியவையும் கல்வெட்டுகளே. சுவான்சௌ செல்லும் குழு, முதலில் தன் ஊர்த் தோட்டத்துக் கோயில் ஒன்றின் எழுத்துகளைப் படம் எடுத்து, படி எடுத்து, ஆண்டு வாரியாகத் தொகுக்கட்டும். அந்தப் பயிற்சி இல்லாமல் சீனத்தில் கல்லின் முன் நின்றால் கை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சீனாவில் பெரும்பாலான கடைகளில் கைப்பேசி வழியாகவே பணம் செலுத்துகிறார்கள். ஆசிரியர் அதை முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். நாம் பயன்படுத்தும் இணையச் சேவைகள் பல அங்கே இயங்கா. சைவ உணவு உண்போர் ‘இறைச்சி வேண்டாம்’ என்று சீன மொழியில் எழுதிய தாளை வைத்திருப்பது நல்லது.

சுவான்சௌவுக்கு அருகே செடியன் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே ஒரு சிறு கோயிலில் நான்கு கைகளுடன் அமர்ந்த ஒரு பெண் தெய்வத்தின் கற்சிலையை ஊர் மக்கள் வழிபடுகிறார்கள். அவர்களுக்கு அது குவான்யின் அம்மன். தமிழ் வணிகர் காலத்து இந்துச் சிலையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அங்கே செல்லும் குழு, காலணியைக் கழற்றி வைத்து, ஊதுவத்தி ஏற்றும் மூதாட்டியிடம் அனுமதி கேட்ட பிறகே படம் எடுக்க வேண்டும். ‘இது எங்கள் சாமி’ என்று அவரிடம் சொல்லத் தேவையில்லை. அந்தச் சிலையைப் பற்றித் தம் பாட்டி என்ன சொன்னார் என்று அவரிடம் கேட்டு, சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.