சூரிய மின்சாரமும் வயற்காணியும்

ஒலுவில் துறைமுகத்தை அண்டிய வயல்களில் உச்சி வெயிலைக் கண்டு, "இத்தனை வெயிலும் மின்சாரமாகாதோ?" எனக் கமக்காரர் வினவுவதுண்டு. ஆகும், அதற்கு நிலமும் வேண்டும். தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016 ஆம் ஆண்டு நிறைவெய்திய சூரிய மின்னிலையம் 648 மெகாவோற்று வலுவுடையது. ஏறத்தாழ 2500 ஏக்கரில் 25 இலட்சம் தகடுகள். மெகாவோற்றுக்கு நான்கு ஏக்கர் எனக் கொள்க.

இவ்வலு நண்பகலின் உச்சமேயன்றி நாள் முழுவதும் கிடைப்பதன்று. ஒரு மெகாவோற்று இயந்திரம் இராப்பகலாக ஓடினால் 24,000 அலகு. அதே வலுவுள்ள சூரிய நிலையம் எம் நாட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 4000 அலகளவே தரும். மாரி முகில் மூடினால் இன்னுங் குறையும். தகடு சூடேறினாலும் குறையும் என்பதைப் பலர் அறியார். அதற்கு வேண்டுவது ஒளி, வெப்பமன்று. கடற்கரையில் உப்புப் படிவதால் அடிக்கடி கழுவுதலும் வேண்டும்.

மின் கொள்வனவு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 20 ஆண்டுக்கானவை. ஆகவே இருபோகமும் விளையும் வயலைத் தகடு நாட்டக் குத்தகைக்கு விடற்க. பயிரேறாத மேட்டுத்தரை போதும். கத்தரி, மிளகாய்த் தோட்டத்து நீர்ப்பம்பிக்கோ சில தகடுகளே அமையும். சிறுபோகத்தில் வெயில் மிகும் வேளையிலேயே நீர்த்தேவையும் மிகுதலால் இரண்டும் நன்கு பொருந்தும். பகலில் இறைத்துத் தொட்டியில் தேக்கி, மாலையில் பாய்ச்சுக.