சிறு வீட்டின் உள்ளமைப்பு

தான்தோன்றீஸ்வரர் கோயிலாற் பெயர்பெற்ற ஒட்டுசுட்டானிலும் வன்னியின் பிற ஊர்களிலும் ஏறத்தாழ ஒரே அளவான சிறு வீடுகளை இன்று காண்கிறோம். 2009இல் போர் முடிந்தபின் மீளக் குடியேறிய மக்களுக்கென எழுந்தவை இவை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடகிழக்கு மக்களுக்கு வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. தளப்பரப்பு ஏறக்குறைய 550 சதுர அடி. அத்தொகை போதாமற் கடன்பட்டுக் கட்டி முடித்தோர் பலர். ஆதலின் உள்ளலங்காரம் என்றதும், "அது கொழும்புச் செல்வர்க்கு உரியது" என ஒதுக்குவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இடம் குறுகிய வீட்டுக்கே திட்டம் மிகுதியும் வேண்டும்.

பத்தடிக்குப் பத்தடி அறையொன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 100 சதுர அடி. ஆறடிக்கு ஐந்தடிக் கட்டில் 30 சதுர அடியை விழுங்கும். அலுமாரிக்கு எட்டு. நடப்பதற்கு மூன்றடி அகல வழி விட்டால் இன்னுமொரு 30. எஞ்சிய 32 சதுர அடியும் ஓரிடத்திற் கிடைப்பதில்லை. மூலைக்கு மூலை சிதறிக் கிடக்கும். இக்கணக்கைப் பாராது தவணைக்குச் செற்றி வாங்குவோரை என்னென்பது! பிள்ளைகளின் கணிதக் கொப்பியில் ஒரு கட்டம் ஓரடியாக அறையை வரைந்து, தளபாடங்களைக் கடதாசியில் வெட்டி நகர்த்திப் பார்த்தல் நன்று. மாணவர் மகிழ்ந்து செய்யத்தக்க வேலை இது, செலவும் இல்லை.

அடுத்தது வெப்பம். ஒட்டுசுட்டான் வட அகலக்கோடு 9 பாகைக்குச் சற்று மேலே உள்ளது. எனவே சித்திரைப் புத்தாண்டை அண்டியும் ஆவணி நடுவிலும் நண்பகற் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். வெயில் முழுவதும் கூரைமேலேயே விழும். கோடையிற் சோளகம் தென்மேற்கிலிருந்தும், மாரியில் வாடை வடகிழக்கிலிருந்தும் வீசும். எதிரெதிரான யன்னல்களுக்கு இடையே அலுமாரியை நிறுத்துவோர் அக்காற்றைத் தாமே மறிக்கின்றனர். மேற்குச் சுவர்ப் பக்கம் அதற்கு உகந்த இடம். ஆயினும் கறையானுக்கு அஞ்சி நான்கு விரல் இடைவெளி விடுதல் வேண்டும். சுவருக்கு வெண்மையோ இளநிறமோ பூசினால் ஒளி பரவும். கடுநீலமும் கரும்பச்சையும் சிற்றறையை இருளச் செய்யும்.

அழகுக்கு அயலூர்ப் பொருள் தேடவேண்டுவதில்லை. கட்டடக்கலைஞர் மின்னெட் டி சில்வா கண்டியில் தாம் அமைத்த வீட்டில் தும்பறைப் பாய் நெசவைப் பயன்படுத்தினார். வன்னியிற் பனையோலைப் பாய்க்கு என்ன குறை? பழைய மண்வீட்டுக் குந்தைப்போல் விறாந்தையிற் சீமெந்துக் குந்தொன்று கட்டினால், நான்கு கதிரைகளின் விலை மிஞ்சும்.

அவ்வாறு மிஞ்சும் பணத்திற் பிள்ளைக்குப் படிப்பு மேசையொன்று செய்விக்கலாம். வலக்கையால் எழுதுவோர்க்கு ஒளி இடப்புறமிருந்து வரவேண்டும். இன்றேல் கையின் நிழல் எழுத்தின்மேல் விழும். கால் நிலத்தில் எட்டாத சிறுவர்க்கு அடியிற் பலகையொன்று இடுக. தையல் இயந்திரத்தையும் யன்னலோரத்திலேயே வைத்தல் தகும். வீட்டிலிருந்து தைத்து உழைக்கும் பெண்களின் கண்ணுக்கு மின்விளக்கினும் பகலொளியே உகந்தது.