ஐந்தரைக் கட்டையும் 440 ஹெர்ட்ஸும்

பெட்டியில் வாசிக்கக் கட்டை கிடையாது. தந்தி, தோல், துளை எதுவும் கிடையாது. ஒரு ஹார்மோனியத்தில் கால்வாசி இடம்கூட அடைக்காது. பின்பக்கத்துத் துளையில் ஒரு மிடி கம்பியைச் செருகி, இன்னொரு முனையைக் கீபோர்டிலோ கணினியிலோ மாட்டினால் வயலின், பியானோ, டிரம்ஸ் என்று கேட்டதெல்லாம் வரும். சவுண்டு மாட்யூல் என்கிற ஒலிப்பெட்டி இதுதான். இந்த வகையில் பெயர் பெற்றது ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1991இல் கொண்டுவந்த எஸ்சி-55. ஒரே நேரத்தில் 16 வாத்தியங்கள், 24 குரல்கள். ஆரஞ்சு வெளிச்சத் திரையில் 16 பட்டைகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பொழுது போக்கலாம்.

வாங்கியவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் ‘ரிவர்ப்’ பொத்தானில். நம்மூர் மைக்செட் பாஷையில் எக்கோ. அதைக் கொஞ்சம் ஏற்றினால் சாதாரண வாசிப்பும் பெரிய மண்டபத்தில் ஒலிப்பதுபோல் ஆகிவிடும். சுருதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அப்புறம்தான்; பலர் பார்ப்பதே இல்லை.

சுருதியை இதில் மூன்று விதமாக நகர்த்தலாம். மூன்றும் ஒன்றல்ல. முதலாவது ‘கீ ஷிஃப்ட்’. இது படிப்படியாகத் தாவும். ஒரு படி என்பது கீபோர்டில் அடுத்த கட்டைக்குப் போவது. ஒரு கட்டையில் வாசித்துப் பழகியவர் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவருக்கு வாசிக்க நேர்ந்தால் +8 வைக்கலாம், அல்லது −4. விரல் பழைய இடத்திலேயே ஓடும். கணக்குப் போடும்போது ஒன்றை மறக்கக் கூடாது: மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை, ஆகவே மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது.

கீபோர்டிலேயே ‘டிரான்ஸ்போஸ்’ செய்து அனுப்புவதில் ஒரு வம்பு உண்டு. மிடி ஏற்பாட்டில் 10ஆம் சேனல் தாளத்துக்கு உரியது. அங்கே ஒவ்வொரு எண்ணும் ஒரு தனி வாத்தியம்: 36 பேஸ் டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹேட். அந்தச் சேனலையும் சேர்த்து இரண்டு படி ஏற்றிவிட்டால் பேஸ் டிரம் அடிக்க வேண்டிய இடத்தில் ஸ்னேர் அடிக்கும். பாட்டு சரியான சுருதியில் இருக்கும், தாளம் மட்டும் பைத்தியம் பிடித்ததுபோல் கேட்கும்.

இரண்டாவது, நுண்சுருதி. பெட்டியைத் திறந்ததும் அதன் ‘ஏ’ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வுகளில் நிற்கும். இது இயற்கை விதித்த எண் அல்ல. 1859இல் பிரெஞ்சு அரசு 435 என்று சட்டம் போட்டது. 440 என்பது 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில் ஏற்கப்பட்டது. எஸ்சி-55இல் இதை 415.3 முதல் 466.2 வரை நகர்த்தலாம். அதாவது மேலே ஒரு படி, கீழே ஒரு படி. உடன் வாசிக்கும் புல்லாங்குழல் 442இல் நின்றால் குழலை மாற்ற முடியாது, பெட்டியை மாற்றலாம். இரண்டும் சேர்ந்ததா என்று அறியக் கருவி வேண்டாம். 440உம் 442உம் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் படித்த ‘விம்மல்’ இதுதான். விம்மல் மெதுவாகி நின்றுபோகும் இடமே சுருதி சேர்ந்த இடம்.

அதன் பிறகும் ஒரு குறை மிச்சம் இருக்கும். பெட்டி ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டுகிறது. ஒரு பங்கு 100 சென்ட். தம்பூரா அப்படி வெட்டுவதில்லை. நன்றாகச் சேர்ந்த தம்பூராவின் மந்தரத் தந்தியில் தானாக எழும் அந்தர காந்தாரம், ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட் தூரத்தில் இருக்கிறது. பெட்டியின் காந்தாரமோ 400இல் நிற்கிறது. ஸட்ஜம் 261.6 என்றால் தம்பூராவின் காந்தாரம் 327.0, பெட்டியினுடையது 329.6. பழகிய காதுக்கு இது போதும் முகம் சுளிக்க. ரோலண்டின் ‘ஸ்கேல் டியூனிங்’ ஏற்பாட்டில் பன்னிரண்டு ஸ்வரங்களையும் தனித்தனியே நகர்த்த முடியும். காந்தாரத்துக்கு −14 கொடுத்தால் உறுத்தல் அடங்கும். பெட்டியின் உருப்படியான வசதிகளில் இதையே முதலில் சொல்ல வேண்டும். எக்கோவை மட்டும் தொட்டு நிறுத்தியவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மூன்றாவது, கமகத்துக்கான பிட்ச் பெண்டு சக்கரம். மிடி இதற்கு 16,384 படிகள் ஒதுக்கியிருக்கிறது. வழக்கமான எல்லை மேலே இரண்டு, கீழே இரண்டு ஸ்வரஸ்தானம். பெரிய ஜாருவுக்கு அது பற்றாது, எல்லையை அகட்டிக்கொள்ள வேண்டும். சக்கரம் அந்தச் சேனல் முழுவதையும் இழுக்கும். ஸட்ஜத்தையும் அதே சேனலில் பிடித்து வைத்திருந்தால் அதுவும் கூடவே ஆடும். சுருதிக்குத் தனிச் சேனல் கொடுப்பதே வழி.

இனி எக்கோவுக்கு வரலாம். எஸ்சி-55இல் எட்டு வகை ரிவர்ப் உண்டு: அறை, மண்டபம், ‘பிளேட்’ என்று. பிளேட்டுக்கு ஒரு பூர்வகதை இருக்கிறது. 1957இல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு, அதை அதிரவைத்து எக்கோ உண்டாக்கியது. எடை கால் டன்னுக்கும் மேல். அந்தத் தகட்டின் சாயலைத்தான் இந்தச் சின்னப் பெட்டி கணக்குப் போட்டுத் தருகிறது. பதினாறு வாத்தியங்களுக்கும் மண்டபம் ஒன்றே. யார் எவ்வளவு உள்ளே நிற்பது என்பதை மட்டும் தனித்தனியே வைக்கலாம்.

‘கோரஸ்’ வேறு. ஒரே ஒலியின் நகலைச் சில மில்லி நொடி தாமதித்து, அந்தத் தாமதத்தையும் மெல்ல அசைத்து, அசலோடு கலக்கிறது. அசைவினால் நகலின் சுருதி சற்றே கூடிக் குறையும். நாலைந்து பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் கேட்கும். கோரஸைப் போட்டுக்கொண்டு சுருதி சேர்க்கவே கூடாது என்பதற்குக் காரணமும் அதுதான். விம்மல் பெட்டியிலிருந்து வருகிறதா, கோரஸிலிருந்து வருகிறதா என்று தெரியாது.

ஆகவே முதலில் ரிவர்ப், கோரஸ் இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். தம்பூராவை ஓடவிட்டு ஸட்ஜம், பஞ்சமம், காந்தாரம் மூன்றையும் சேருங்கள். பிறகு எக்கோவைத் திறக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது ரிவர்ப் அளவு 127க்கு 40 என்று இருக்கும். கல்யாண மண்டபங்களில் கட்டடமே எக்கோ போடுகிறது; அங்கே அந்த 40கூட அதிகம்.